உப்புக்குள் ஒரு பேட்டரி

திருமலைராயன்பட்டினத்தில் காளமேகம் சாபமிட்டு மண்மாரி பெய்தது கதை. அந்த ஊர்க் கடல் தரும் உப்பில் எடைக்கணக்கில் சுமார் 39 சதவீதம் சோடியம் என்பது நிஜம்!

1960களில் அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனி, சோடியத்தை உருக்கி, கந்தகத்தோடு சேர்த்து பேட்டரி ஆக்கியது. நடுவே ஒரு பீங்கான் சுவர். சூடு 300 டிகிரி. ஜப்பானின் என்ஜிகே அதன் ஆயுளை 15 வருடம் வரை நீட்டியது. ஆனால் 2011 செப்டம்பரில் ட்சுகுபா ஆலையில் தீ. ஒரு செல் உடைந்து, உருகிய குழம்பு பக்கத்து செல்லுக்கு வழிந்து ஷார்ட் சர்க்யூட். அதற்கப்புறம்தான் செல்களுக்கு இடையே ஃப்யூஸ் போட்டார்கள். (நம் வீட்டு மீட்டர் பெட்டியிலேயே இருக்கிற சமாச்சாரம்!)

சூடே வேண்டாமென்று திட சோடியத்தை வைத்தால் வேறு தொல்லை: சார்ஜ் ஏற ஏற ஊசி ஊசியாய் வளர்ந்து எதிர்முனையைத் தொட்டுவிடும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து உருவான காரைக்குடி சிக்ரியிலும் சோடியம் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிறது.