0.150

2016 ஆகஸ்ட் 14 இரவு. சாயர்புரத்தில் எங்க வீட்டு டிவியில் ரியோ ஒலிம்பிக். ஜிம்னாஸ்டிக்ஸ் வால்ட்டில் தீபா கர்மாகர் 15.066 எடுத்து நாலாமிடம். வெண்கலம் 15.216க்கு. "மார்க்குல ஏதோ கோல்மால் பண்ணிட்டானுவ" என்றார் சித்தப்பா.

இந்தச் சந்தேகத்துக்குப் பழைய வரலாறு உண்டு. 2002 குளிர்கால ஒலிம்பிக்கின் ஜோடி ஐஸ் ஸ்கேட்டிங்கில், பிரான்ஸ் நடுவர் நெருக்கடிக்குப் பணிந்து மார்க் போட்டதாகப் புகார். கனடா ஜோடிக்கும் தங்கம் கொடுத்தார்கள், 6.0 மார்க் முறையே போனது. 2004 ஏதென்ஸில் ஜிம்னாஸ்டிக்ஸிலும் தகராறு. 2006இல் பத்துக்குப் பத்து ஒழிந்தது. அதன்பின் கடினத்துக்குத் தனி மார்க், நேர்த்திக்குத் தனி மார்க்.

தீபாவின் கணக்கைத் தேடி எடுத்தேன். முதல் தாவல் 6.0 + 8.866. அடுத்தது புரொடுனோவா: 7.0 + 8.266. கடினத்தில் குறையில்லை, இறங்கும்போது கிட்டத்தட்ட உட்கார்ந்துவிட்டார், நேர்த்தி அடிபட்டது. இரண்டின் சராசரிதான் 15.066. அப்படியென்றால் வெண்கலத்துக்குக் குறைந்தது மொத்தம் 0.300. நடுத்தரத் தவறு ஒன்றுக்குக் கழிக்கிற அளவு!

பழைய முறை வெறும் அவுட்புட். புதுசு லாக்கையும் காட்டுகிறது. கழிப்பது இப்பவும் நடுவர் கண்தான்; ஆனா எங்கே போச்சுன்னு கேட்கலாம்.

சித்தப்பாவிடம் காட்டினேன். "அப்ப கோல்மால் இல்லங்கியாடே?"

"இதுல தெரியல சித்தப்பா. கால்தான் வழுக்கிருக்கு."