லயச் சுவரும் நிலத்தின் அசைவும்

சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் ஆங்கிலேயர் காலத்து லயங்கள் பல இன்றும் குடியிருப்புகளாகவே உள்ளன. நீண்ட ஒரே கூரை. அதன்கீழ் அடுத்தடுத்துக் காம்பிராக்கள். முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. அருகில் கிடைத்த கருங்கல்லை மண்சாந்திலோ சுண்ணாம்புச் சாந்திலோ பதித்துச் சுவர் எழுப்பி, மேலே தகரம் வேய்ந்த லயங்கள் அவற்றுள் பல. செலவு மிகாதிருத்தலே துரைமாரின் முதற் கவலை.

குடும்பம் பெருகும்போது குடியிருப்போர் சுவரை உடைத்து வாசல் வைக்கின்றனர். இஸ்தோப்பை அடைத்து அறையாக்குகின்றனர். அப்பொழுது எழும் வினா, கருங்கல் பலமா, சீமெந்துக் கல் பலமா என்பது. நிலநடுக்கம் கண்ட ஊர்களின் வரலாறு இவ்வினாவையே திருத்திவிடுகிறது.

1993 செப்டம்பர் 30 அதிகாலையில், இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்து லாத்தூர் பகுதியில், கில்லாரி என்னும் ஊரும் அயற் கிராமங்களும் இடிந்தன. ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். அவ்வீடுகளின் கற்சுவர்கள் மெலிந்தவையல்ல. இரண்டடிக்கும் மேற்பட்ட தடிப்புடையவை. ஆயினும் உள்ளே ஒரு கல்வரிசை, வெளியே ஒரு கல்வரிசை, நடுவே உதிரிக்கல்லும் மண்ணும். இரண்டையும் ஊடுருவிப் பிணைக்கும் நெடுங்கல் இல்லை. நிலம் குலுங்கியதும் வரிசைகள் பிரிந்து சரிந்தன. வெயிலைத் தணிக்கக் கூரைமேல் பரப்பியிருந்த மண்பாரம் உறங்கியோர்மீது வீழ்ந்தது.

எஞ்சிய வீடுகளைப் பலப்படுத்த வகுத்த முறை கல்லை ஒதுக்கவில்லை. சுவரில் இடைவெளி விட்டுச் சில கற்களை மெல்ல அகற்றி, அத்துளையில் கொக்கியாக வளைத்த கம்பியை இட்டுக் கொங்கிறீற்று நிரப்புவது அம்முறை. கூரைமண்ணைக் குறைப்பதும், சுவர்களைச் சுற்றிக் கம்பியிட்ட பட்டி ஓட்டுவதும் அதனுடன் சேர்ந்தவை.

இது புதுமையன்று. 1931இல் பலுச்சிஸ்தானத்து மாச் நடுக்கத்தின் பின், எஸ். எல். குமார் என்ற இளம் ரயில்வேப் பொறியியலாளர், பழைய தண்டவாளங்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுவர்களோடு பிணைத்து ஊழியர் குடியிருப்புகளைக் கட்டினார். 1935 மே 31இல் குவெட்டா நகரம் தரைமட்டமானபோது அவை நின்றன.

இலங்கையில் நடுக்கம் அரிது. 1615இல் கொழும்பு குலுங்கிய செய்தி போர்த்துக்கேயர் காலத்தது. சப்ரகமுவையில் அசைவது மலைச்சரிவே. 2016 மே 17இல் அரநாயக்கவின் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாளில் புலத்கொஹுபிட்டிய களுப்பஹன தோட்டத்து லயங்களும் புதையுண்டன. இறங்கிவரும் மலையை எந்தச் சுவரும் தடுக்காது. ஆதலால் கல்லைத் தேர்வதற்கு முன் இடத்தைத் தேரவேண்டும். அதனைச் சோதித்துக் கூறுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பணி.

இடம் தக்கதாயின், மழையில் மெல்ல இறங்கும் மண்ணுக்குப் பட்டி ஓரளவு உதவும். தகரக் கூரையின் இலேசும் நன்மையே. காற்று தூக்காதபடி அதனைப் பட்டியோடு பிணைத்தல் வேண்டும். குறுக்குச் சுவரை உடைப்பதோ பெருந்தவறு: நீண்ட முன்சுவரும் பின்சுவரும் சாயாதபடி பிடித்து நிற்பது அதுவே. ஒரு வீட்டார் அதை அகற்றினால் தளர்வது அடுத்த வீட்டாரின் சுவருமாகும்.

பட்டிக்குப் பணம் செல்லும். அது கண்ணுக்கும் தெரியாது. காணியுறுதி கையில் இல்லாதவர், என்றோ விட்டுப் போகவேண்டிவரும் சுவருக்குள் கம்பியைப் புதைக்கத் தயங்குகிறார். கழற்றிக்கொண்டு போகக்கூடிய கதவையும் தகரத்தையுமே வாங்குகிறார்.