முஷத்தாச் சுவரும் மறக்கப்பட்ட கைகளும்

கலை வரலாறு என்றதும் மன்னர் பெயர்களையே தேடிப் பழகிவிட்டோம். உளி பிடித்த கைகளை ஆராய்ச்சி கண்டெடுத்த வரலாறு ஒன்றை இங்கு நோக்குவோம்.

ஜோர்தானில், அம்மானுக்குத் தெற்கே, பாலைநில விளிம்பில் முஷத்தா என்னும் முற்றுப்பெறாத மாளிகை பாழாய்க் கிடக்கிறது. திராட்சைக் கொடியும் விலங்கும் பறவையும் செறியச் செதுக்கிய அதன் முகப்பின் பெரும்பகுதியோ பேர்லின் சேர்ந்துவிட்டது. 1903இல் உதுமானியச் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது அதனை ஜேர்மன் பேரரசருக்குப் பரிசாக ஈந்தார். ஈந்தவரும் முடிமன்னர்; பெற்றவரும் முடிமன்னர். அம்மண்ணின் மக்களை யார் கேட்டார்?

அச்சிற்பத்தின் காலம்பற்றி அறிஞரிடையே சர்ச்சை மூண்டது. அஃது இஸ்லாத்துக்கு முற்பட்டது என்றார் ஸ்திரிகோவ்ஸ்கி. 1910இல் ஹேர்ட்ஸ்பெல்ட் அதனை மறுத்து, உமையாக் கலீபாக்கள் காலத்தது என வாதிட்டார். அறிஞருலகம் பெரிதும் அதனையே ஏற்றது. எகிப்து, சிரியா, ஈராக் எனப் பல நாட்டுப் பாணிகள் ஒரே சுவரிற் கலந்திருப்பதேன்? மாகாணந்தோறும் தொழிலாளரைத் திரட்டி வேலை வாங்கியமையே காரணம் என்பது அவர் விளக்கம்.

அவ்வாறு ஆள் திரட்டியமைக்கு எகிப்தின் அப்ரொடிட்டோ என்னும் ஊரிற் கிடைத்த பப்பிரசு ஏடுகள் சான்று பகர்கின்றன. 709 முதல் 714 வரை ஆளுநராயிருந்த குர்ரா விடுத்த கட்டளைகள் அவற்றுள் உள. டமாஸ்கஸ் பள்ளிவாசலுக்கும் எருசலேம் பள்ளிவாசலுக்கும் இத்தனை கைவினைஞர், இத்தனை கூலியாட்கள், அவர்தம் செலவு இவ்வளவு என ஊரார்மீது சுமை ஏற்றப்பட்டது.

கலீபாவின் பெயரை மாணவர்க்குக் கற்பிக்கும் நாம், அச்சுமை தாங்கிய உழைப்பாளரையும் அதே பாடத்திற் கற்பித்தல் வேண்டும்.