ஹம்சத்வனி வடக்கே போன வழி

கர்நாடக ராகங்களில் பலவும் பிறந்த மண்ணைத் தாண்டியதில்லை. ஹம்சத்வனி தாண்டியது. திருவாரூரில் கிளம்பி, பம்பாயில் உருது பேசும் கான் சாகிப்களின் வீட்டில் தங்கி, இந்தி சினிமா வரைக்கும் போனது. போனதற்கான காரணம் அந்த ராகத்தின் உடம்பிலேயே இருக்கிறது.

இதை உருவாக்கியவர் ராமசாமி தீட்சிதர் (1735–1817) என்பது சங்கீத உலகம் ஏற்ற செய்தி. நூற்றெட்டு ராக தாள மாலிகை செய்தவர் அவர். சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்களில் மத்யமத்தையும் தைவதத்தையும் நீக்கினால் மிஞ்சுவது ச ரி க ப நி. அவ்வளவுதான் ஹம்சத்வனியின் கணக்கு. இரண்டு ஸ்வரங்களை வர்ஜம் செய்து புது ராகம் என்று பெயர் வைப்பது யாராலும் முடியும். அப்படிக் காகிதத்தில் பிறந்து காகிதத்திலேயே கிடக்கும் ராகங்கள் எத்தனையோ. இது ஏன் பிழைத்தது? மிஞ்சிய ஸ்வரங்களின் உறவைப் பாருங்கள். சட்ஜத்துக்குப் பஞ்சமம் துணை. காந்தாரத்துக்கு நிஷாதம் அதே தூரத்தில் துணை. பஞ்சமத்துக்கு மேல் ஸ்தாயி ரிஷபம் துணை. எந்த ஸ்வரமும் தனியாக நிற்பதில்லை. தம்பூராவின் நாதத்துக்கு மேல் இவற்றைப் போட்டால் ஒன்று மற்றொன்றைத் தூக்கிக் கொடுக்கும்.

ஆனால் ஆரோகண அவரோகணம் தெரிந்தால் ராகம் தெரிந்துவிடாது. எங்கே நிற்பது, எதை அசைப்பது, எதைத் தொட்டுவிட்டு நகர்வது என்பதில்தான் ராகம் முகம் காட்டும். நம் பாடகர்களுக்கு ஹம்சத்வனியில் ரிஷபமும் நிஷாதமும் ஜீவஸ்வரங்கள். நிஷாதத்தை மேல் சட்ஜத்தின் விளிம்பு வரை ஏற்றி அசைப்பார்கள். பஞ்சமத்திலிருந்து நிஷாதத்துக்கும், காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்கும் ஒரு தாண்டல் உண்டு. அந்தத் தாண்டல்தான் இந்த ராகத்தின் சுறுசுறுப்பு. கச்சேரியின் தொடக்கத்தில் இதை வைத்தால் சபை உடனே நிமிர்ந்து உட்காருவது அதனால்தான்.

தகப்பனார் செய்த ராகத்துக்கு ஊரறிய வாழ்வு கொடுத்தவர் மகன் முத்துசாமி தீட்சிதர். ‘வாதாபி கணபதிம்’ கிருதியின் சரணம் முடியுமிடத்தில் ராகத்தின் பெயரையே சாகித்யத்துக்குள் பொதிந்து வைத்தார். இன்று நாம் கேட்கும் பல்லவிச் சங்கதிகளின் அடுக்கு மகா வைத்தியநாத ஐயர் வழி வந்தது என்பார்கள். ஒவ்வொரு சங்கதியும் முந்தியதிலிருந்து கொஞ்சம் மேலே ஏறி, அதே இடத்துக்குத் திரும்பும். ராகம் எப்படி விரிகிறது என்று ஒரு குழந்தைக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. தியாகராஜரின் ‘ரகுநாயகா’, மானம்புச்சாவடி வேங்கடசுப்பையரின் ‘ஜலஜாக்ஷ’ வர்ணம், பாபநாசம் சிவனின் ‘மூலாதார மூர்த்தி’ எல்லாம் இதே ராகத்தில் வந்து சேர்ந்தன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. முத்துசாமி தீட்சிதர் இளமையில் சிதம்பரநாத யோகியோடு காசியில் சில ஆண்டுகள் வாழ்ந்தவர். அங்கே காதில் விழுந்த இசை அவருடைய துவிஜாவந்தியிலும் ஹமீர் கல்யாணியிலும் கேட்கிறது. அவர் வடக்கிலிருந்து வாங்கி வந்தார். அவருடைய தகப்பனாரின் ராகம் பின்னால் வடக்குக்குப் போனது.

அதை வடக்கே கொண்டுபோனவர்களில் முதன்மையானவர் பம்பாய் பேண்டி பஜார் கரானாவின் (இசைப் பரம்பரையின்) அமான் அலி கான் (1888–1953). மொராதாபாத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கர்நாடக சங்கீதத்தை விரும்பிக் கேட்டு, நம் ஸ்வரம் பாடும் முறையையும் எடுத்துக்கொண்டார். இந்தக் கரானாவின் தனிப் பயிற்சி மேருகண்ட். ஒரு சில ஸ்வரங்களை எடுத்து, அவற்றை எத்தனை வரிசையில் அடுக்க முடியுமோ அத்தனையும் பாடிப் பழகுவது. நான்கு ஸ்வரத்துக்கு 24 வரிசை, ஐந்துக்கு 120. ஐந்தே ஸ்வரமும், அவற்றுக்குள் நல்ல இசைவும் உள்ள ஹம்சத்வனி அந்தப் பயிற்சிக்கென்றே செய்தது போல் வந்து வாய்த்தது. ‘லாகி லகன்’ என்ற பந்திஷை (பாடலை) அவர் இதில் அமைத்தார். அவருடைய பாணியில் ஈடுபாடு கொண்ட உஸ்தாத் அமீர் கான் (1912–1974) அதை நாடெங்கும் பரப்பினார்.

அமீர் கான் பாடிய விளம்பித்தைக் கேட்டால் நமக்குச் சற்றுத் திகைப்பாகவே இருக்கும். நாம் துள்ளலாகப் பாடுவது அங்கே மெல்ல, மிக மெல்ல நடக்கிறது. ரிஷபம் அசையாமல் நீண்டு நிற்கிறது. நிஷாதம் நேர்கோடாக ஒலிக்கிறது. இந்துஸ்தானிக்காரர்களுக்கு இதில் ஒரு கவலையும் உண்டு. அவர்களுடைய சங்கரா ராகத்திலும் காந்தாரமும் பஞ்சமமும் நிஷாதமும்தான் ஓங்கி நிற்கும். அங்கே ரிஷபம் மெலிந்தது, தைவதம் நிஷாதத்தையொட்டி எட்டிப் பார்க்கும். ஆகவே ஹம்சத்வனி பாடும்போது ரிஷபத்தை அழுத்திக் காட்டியாக வேண்டும், தைவதம் மூச்சுக்காற்றில்கூடக் கலக்கக் கூடாது. நாம் எண்ணிப் பார்க்காத ஒரு எல்லை, வேற்றூருக்குப் போன ராகத்துக்கு அங்கே முளைத்தது.

1956இல் ‘பரிவார்’ என்ற இந்திப் படத்துக்கு சலில் சௌதுரி இதே ராகத்தில் அமைத்த ‘ஜா தோசே நஹீ போலூன் கன்ஹையா’வை லதா மங்கேஷ்கரும் மன்னா டேயும் பாடினார்கள். லதா, அமான் அலி கானிடம் பாடம் கேட்டவர். தமிழில் 1994இன் ‘மகாநதி’ படத்தில் ‘ஸ்ரீரங்க ரங்கநாதனின்’ என்று இளையராஜாவின் கையில் மறுபடி காவிரிக்கரைக்கு வந்தது.

கீரவாணி, சாருகேசி, ஆபோகி, வாசஸ்பதி என்று வடக்கே போன மற்றவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். இவற்றில் ஸ்வர வரிசையே ராகத்தைப் பெருமளவு சொல்லிவிடும். பேகடாவும் சஹானாவும் போகவில்லை. பேகடாவின் மத்யமத்தையும் நிஷாதத்தையும் எந்த ஸ்வரலிபியிலும் எழுதி அனுப்ப முடியாது. குரு பாடி, சிஷ்யன் பாடி, நூறு தடவை திருத்தித்தான் அந்த அசைவு தொண்டையில் உட்காரும். ஹம்சத்வனியின் கமகத்தைக் கழற்றி வைத்தாலும் ராகம் உயிரோடிருக்கும். பேகடாவிடம் அப்படிச் செய்தால் மிஞ்சுவது கிட்டத்தட்ட சங்கராபரணம்தான்.

ஜுகல்பந்தி மேடைகளில் இரு பக்கத்துக் கலைஞர்களும் அடிக்கடி ஹம்சத்வனியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்போது ரிஷபத்தை மட்டும் கவனித்துக் கேளுங்கள். நம் வித்வான் அதை அசைத்து முடிப்பார், பக்கத்திலிருக்கும் உஸ்தாத் அதை அசைக்காமல் நீட்டுவார், இரண்டும் ஹம்சத்வனிதான்.