மலைக்கு பிரேக் போட்டவர்கள்

நான் படிச்சது சிவில், இப்ப தட்டுறது பொட்டி. காலேஜ்ல சாயில் மெக்கானிக்ஸ்ல சரிவுகளைப் பத்தி ஒரு பாடம் உண்டு. தாங்குற விசையைத் தள்ளுற விசையால வகுக்கணும். விடை ஒண்ணுக்கு மேல வந்தா மலை நிக்கும், கீழ போனா சரியும். பரீட்சைக்கு இது போதும் :-) வயோன்ட் அணைன்னு ஒரு பேரை அப்போ எங்கேயோ பார்த்துட்டுத் தாண்டிப் போயிட்டேன். சமீபத்துல ஆணி கம்மியா இருந்த ஒரு வாரம் அதைத் தேடிப் படிக்கப் போக, ரெண்டு நாள் வேற எதுலயும் மனசு ஒட்டலை.

இடம் வடக்கு இத்தாலி, ஆல்ப்ஸ் மலையில ஒரு குறுகலான பள்ளத்தாக்கு. சாதே என்ற மின்சாரக் கம்பெனி அங்கே 261.6 மீட்டர் உயரத்துக்கு ஒரு வளைவு அணை கட்டுச்சு. அந்த வகையில அன்னைக்கு உலகத்துலேயே உயரமானது. வடிவமைச்சவர் கார்லோ செமென்சா, பெரிய கை. அணை பிரமாதமான அணை, அதுல யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனா நீர்த்தேக்கத்தோட இடது கரையில தோக் என்ற மலை இருந்துச்சு.

1959 மார்ச்ல பக்கத்துல போன்தெசேய்ங்கிற இன்னொரு நீர்த்தேக்கத்துக்குள்ள நிலம் சரிஞ்சு அலை எழும்பி ஒரு உயிர் போச்சு. கம்பெனி கொஞ்சம் பயந்துடுச்சு. வயோன்ட் கரைகளைச் சோதிக்க வந்த புவியியலாளர்கள்ல ஒருத்தர் எதுவார்தோ செமென்சா. ஆமா, கார்லோவோட மகனேதான். வயசு முப்பத்திரண்டு. மலையேறிப் பார்த்த எதுவார்தோ சொன்னது இதுதான்: இந்தச் சரிவு முழுசுமே பழங்காலத்துல ஒரு தடவை வழுக்கி வந்து நின்ன பாறைக் குவியல். மறுபடியும் வழுக்கலாம். அளவு கோடிக்கணக்கான கன மீட்டர்.

அப்பா கட்டி முடிச்ச அணைக்குப் பின்னாடி இருக்குற மலை நிக்காதுன்னு மகன் அறிக்கை எழுதுறான். எங்க வீட்டுல அப்பா வாங்கின மிக்ஸியைக் குறை சொல்லவே எனக்கு நாலு நாள் ஆகும். அப்பாவும் அதைத் தூக்கிக் குப்பையில போடலை. 1961-ல ஒரு மூத்த பொறியாளருக்கு எழுதின கடிதத்துல, இதோட அளவைப் பார்த்தா நம்ம கையை மீறிப் போற மாதிரி தெரியுதுன்னு ஒத்துக்கிட்டார். அதே வருஷம் இறந்தும் போனார்.

அதுக்கு முன்னாடியே, 1960 நவம்பர் 4 அன்னிக்கு, தண்ணி ஏற ஏற ஏழு லட்சம் கன மீட்டர் மண் ஏரிக்குள்ள விழுந்துச்சு. மலை மேல கிட்டத்தட்ட ரெண்டு கிலோமீட்டருக்கு விரிசல். மலை ஒரு நாளைக்கு மூணு செண்டிமீட்டருக்கு மேல நகர்ந்துக்கிட்டு இருந்துச்சு. தண்ணியை இறக்கினாங்க, வேகம் மில்லிமீட்டருக்குக் குறைஞ்சது.

இங்கதான் வில்லங்கமே ஆரம்பம். தண்ணி ஏத்தினா மலை நகருது, இறக்கினா நிக்குது. அப்போ நம்ம கையில ஒரு பிரேக் இருக்குன்னு நினைச்சுட்டாங்க. ஆஸ்திரியாவோட பாறைப் பொறியியல் மேதை லியோபோல்ட் ம்யூல்லரும், பாறை முதல் தடவை நனையும்போதுதான் அதிகமா நகரும்னு கணிச்சார். 1962-ல ரெண்டாவது தடவை ஏத்தும்போது பழைய மட்டம் வரைக்கும் மலை அசையாம இருந்துச்சு. கணிப்பு சரின்னு ஆயிடுச்சு. ஒரே ஒரு டெஸ்ட் கேஸ் பாஸ் ஆனதும் புரொடக்ஷனுக்குத் தள்ளுற மாதிரிதான். நானும் தள்ளியிருக்கேன், அதனால சிரிக்க முடியலை. 1:200 அளவுல ஒரு மாதிரி கட்டி, பாறைக்குப் பதிலா சரளைக்கல்லைச் சரியவிட்டும் பார்த்தாங்க. 700 மீட்டர் மட்டம் வரைக்கும் பயமில்லைன்னு விடை வந்துச்சு.

1963 செப்டம்பர்ல தண்ணி 710 மீட்டரைத் தொட்டுச்சு. மலை வேகமெடுக்க, பிரேக்கைப் போட்டாங்க. தண்ணி இறங்குச்சு. மலை மட்டும் நிக்கலை. கடைசியில ஒரு நாளைக்கு 20 செண்டிமீட்டர். அக்டோபர் 9 ராத்திரி 10.39-க்கு சுமார் 27 கோடி கன மீட்டர் பாறை ஒரு நிமிஷத்துக்குள்ள ஏரியில இறங்கிடுச்சு. தண்ணி அணையைத் தாண்டி 100 மீட்டருக்கு மேல எழும்பி, கீழே லோங்கரோனே ஊர் மேல விழுந்தது. அன்னிக்கு ரியல் மாட்ரிட் மேட்ச், டிவி பார்க்க நிறைய பேர் மதுக்கடைகள்ல கூடியிருந்தாங்க. செத்தவங்க 1,900-க்கும் மேல. ஊர்க்காரங்க பயத்தை முன்னாடியே எழுதின பத்திரிகையாளர் தீனா மெர்லின் மேல, பொய்ச்செய்தி பரப்பினதா ஏற்கனவே வழக்குப் போட்டு, அவங்க 1960-ல விடுதலையும் ஆகியிருந்தாங்க.

சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவுல மெல்லிய களிமண் படலங்கள் இருந்ததை, 1985-ல ஹென்ட்ரன், பாட்டன்னு ரெண்டு பேர் எழுதின ஆய்வு அழுத்தமா நிறுவுச்சு. மழைத்தண்ணியும் ஏரித்தண்ணியும் உள்ளே கொடுத்த அழுத்தத்துல அந்தப் படலம் மேல மலை வழுக்கியிருக்கு. ஏரியோட மட்டத்தை மட்டும் குறைச்சா போதும்னு நம்பினது அங்கேதான் பொய்த்தது.

எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது வேற ஒண்ணு. அதே 1985-ல ஜப்பான்ல ஃபுக்குசோனோ ஒரு முறையைச் சொன்னார். சரிவோட வேகத்தை அப்படியே வரையாதே, ஒண்ணை வேகத்தால வகுத்து வரைஞ்சு பாரு. 1, 2, 5, 20 என்று ஏறுற கோடு எங்க முடியும்னு கண்ணுக்குத் தெரியாது. தலைகீழாக்கினா 1, 0.5, 0.2, 0.05. கோடு பூஜ்யத்தைத் தொடுற நாள்தான் மலை விழுற நாள். 2003-ல கில்பர்ன், பெட்லி ரெண்டு பேரும் வயோன்ட்ல அன்னைக்கு எழுதி வச்ச அளவீடுகளையே இப்படிப் போட்டுப் பார்த்தாங்க. கோடு கிட்டத்தட்ட நேரா அக்டோபர் 9-ஐ நோக்கி இறங்குது. எக்ஸெல்ல ஒரு காலம் கூடுதலா போட்டா போதும். அளவீடுகளை அவங்க தினமும் எடுத்துக்கிட்டுதான் இருந்தாங்க.

அணை உடையவே இல்லை. இன்னைக்கும் அப்படியே நிக்குது, பின்னாடி தண்ணிக்குப் பதிலா மலை. எதுவார்தோ பல வருஷம் கழிச்சு 2001-லதான் முழுக் கதையையும் ஒரு புத்தகமா எழுதினார். அடுத்த வருஷம் இறந்துட்டார்.