இரைப்பை எச்சப் புற்றுநோய்

புற்றல்லாத புண்ணுக்காக இரைப்பையில் அறுவை செய்துகொண்டவருக்கு, குறைந்தது 5 ஆண்டுகள் கழித்து, எஞ்சிய (அல்லது வெட்டாமல் குடலோடு இணைத்த) இரைப்பையில் தோன்றும் புற்றுநோய். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை அறுவை மருத்துவர் டொனால்ட் பால்ஃபர் 1922-இலேயே இதைப் பதிவு செய்தார்.

இதன் வரலாறு வியன்னாவில் தொடங்குகிறது. 1881 ஜனவரி 29 அன்று தியடோர் பில்ரோத், ஒரு பெண்ணின் இரைப்பை அடிப்பகுதியை வெட்டியெடுத்து, மீதியை முன்சிறுகுடலோடு தைத்தார். அதே ஆண்டில் அவருடைய உதவியாளர் அன்டன் வோல்ஃப்ளர், எதையும் வெட்டியெடுக்காமல் இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்துக் காட்டினார். 1885-இல் வந்தது ‘பில்ரோத் இரண்டு’: இரைப்பையின் கீழ்ப்பகுதியை நீக்கி, மேற்பகுதியை இடைச்சிறுகுடலோடு இணைக்கும் முறை.

தமிழ்நாட்டில் வோல்ஃப்ளர் வழிதான் பெருவழக்காயிற்று. முன்சிறுகுடல் புண் ஆறி, தழும்பேறி, பாதையே அடைத்துக்கொண்ட நோயாளிகள் அக்காலத் தென்னிந்தியாவில் ஏராளம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் அவர்களுக்குப் பெருமளவில் இந்த இணைப்பைச் செய்தவர் ஹோவார்ட் சாமர்வெல். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் சென்ற அதே மலையேறிதான். சாப்பிட்டதெல்லாம் வாந்தியெடுத்து எலும்பும் தோலுமாக வந்தவர்களுக்கு அது மறுபிறவி.

விலை பிறகு வந்தது. புதிய வாயில் வழியே பித்தநீர் இரைப்பைக்குள் ஏறுகிறது; அமிலம் குறைவதால் கிருமிகள் பெருகி நைட்ரேட்டை மாற்றிப் புற்றூக்கிகளை உண்டாக்குகின்றன. எண்டோஸ்கோபியில் பார்த்தால் தையல் வளையத்தைச் சுற்றிப் பச்சைமஞ்சள் தேக்கமும், சிவந்து தடித்த சவ்வும் தெரியும். புற்று பெரும்பாலும் அந்த வளையத்தருகேதான் முளைக்கும். புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமிக்கும் பங்குண்டு என்றாலும் முதல் குற்றவாளி பித்தநீரே: இரைப்பைக்குள் அதைத் திருப்பிவிட்ட எலிகளுக்கு வேறு புற்றூக்கி எதுவும் தராமலே புற்று வந்தது.

அறுவைக்குப் பின் 15, 20 ஆண்டுகள் கடந்த பிறகே ஆபத்து ஏறுகிறது. முன்சிறுகுடல் புண்ணுக்கு அறுவை செய்தவர்களைவிட, இரைப்பைப் புண்ணுக்குச் செய்தவர்களுக்கு இது அதிகம்.

ஒமெப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளும் ஹெலிகோபாக்டர் கிருமி ஒழிப்புச் சிகிச்சையும் வந்தபின் அல்சர் ஆபரேஷன் அருகிவிட்டது. புதுச்சேரி ஜிப்மரின் விக்ரம் கேட், அனந்தகிருஷ்ணன் குழுவினர், ஓட்டை விழுந்த புண்ணைத் தைத்தபின் கிருமியை ஒழித்தால் புண் திரும்புவது குறைகிறது என 2001-இல் காட்டினர்.

ஆனால் அன்று அறுவை செய்துகொண்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். புதுச்சேரியின் பூரணாங்குப்பம், பாகூர், வில்லியனூர்ப் பக்கம் வயிற்றில் நெடுந்தழும்புள்ள பெரியவர் ஒருவருக்கு எடை குறைந்தாலோ, சோகை பிடித்தாலோ, மலம் கருத்தாலோ, பழைய அல்சர்தான் என்று மாத்திரை வாங்கிப் போடாமல் எண்டோஸ்கோபிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். எப்போதோ நடந்த அந்த ஆபரேஷனை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லவும் வேண்டும்.