மண்டையோட்டைத் தாண்டி வளரும் மூளையுறைக் கட்டி: மருத்துவ வரலாறு

மூளையுறைக் கட்டி (மெனிஞ்சியோமா) என்பது மூளையைச் சூழ்ந்துள்ள உறைகளில் தோன்றும் கட்டியாகும். பெரும்பாலும் இது புற்றுநோய் அன்று, மெதுவாக வளரும். சில வேளைகளில் மண்டையோட்டு எலும்புக்குள் ஊடுருவி, தலைத்தோலின் அடியில் புடைப்பாக வெளிப்படும். வெளியே தெரியும் புடைப்புக்கு வேர் உள்ளே இருக்கிறது என்பதை மருத்துவர்கள் அறிந்துகொண்டதே இந்நோயின் வரலாறு எனலாம்.

தொடக்ககால விளக்கங்கள்

சுவிட்சர்லாந்து மருத்துவர் பெலிக்ஸ் பிளாட்டர் 1614 இல் வெளியிட்ட நூலில், இத்தகைய கட்டி எனக் கருதப்படும் ஒன்றை விவரித்தார். 1774 இல் பாரிசைச் சேர்ந்த அந்துவான் லூயி, எலும்பை அரித்து வெளிவந்த கட்டிகள் பலவற்றைத் தொகுத்து ஆராய்ந்தார். அவை மூளையின் தடித்த வெளியுறையில் தோன்றுவன என்று விளக்கினார்.

அறுவை மருத்துவம்

1879 இல் கிளாஸ்கோ நகரில் வில்லியம் மெக்கீவன், கண்ணருகே வீக்கம் கொண்டிருந்த 14 வயதுச் சிறுமிக்கு அறுவை செய்து, உறையோடு ஒட்டியிருந்த கட்டியை அகற்றினார். கிருமிநாசினி முறை வந்திருந்ததால் இது இயன்றது. அவர் அதன்பின் எட்டு ஆண்டுகள் வாழ்ந்து, சிறுநீரக நோயால் இறந்தார்.

அமெரிக்கப் படைத்தலைவர் லெனார்ட் வுட்டுக்கு ஹார்வி குஷிங் 1910 இல் அறுவை செய்தார். வுட் நலம்பெற்று, பின்னர் பிலிப்பைன்சின் ஆளுநராகவும் பணியாற்றினார். ஆனால் கட்டி மீண்டும் வளர்ந்தது; 1927 இல் மறு அறுவைக்குப் பின் அவர் இறந்தார். 'மெனிஞ்சியோமா' என்ற பெயரை 1922 இல் வழங்கியவரும் குஷிங்கே. தடித்துப்போன எலும்புக்குள்ளும் கட்டியின் உயிரணுக்கள் பரவியிருக்கும் என்பதை அக்காலத்து ஆய்வுகள் காட்டின.

சிம்சன் தரவரிசை

எவ்வளவு அகற்ற வேண்டும் என்ற கேள்விக்கு 1957 இல் டொனால்ட் சிம்சன் விடை தேடினார். கட்டியுடன் அது ஒட்டியிருந்த உறையையும் பாதிக்கப்பட்ட எலும்பையும் சேர்த்து நீக்கியவர்களில் 9% பேருக்கே நோய் திரும்பியது. உறையை நீக்காமல் சுட்டு மட்டும் விட்டவர்களில் இது 19%. கட்டியின் ஒரு பகுதி எஞ்சியவர்களில் 44%.

இன்றைய நிலை

1971 இல் அறிமுகமான சி.டி. ஸ்கேன் எலும்பின் மாற்றத்தையும், பின்னர் வந்த எம்.ஆர்.ஐ. மூளை, உறை, தலைத்தோல் ஆகியவற்றில் கட்டி பரவிய அளவையும் காட்டுகின்றன. திசுப் பரிசோதனை நோயை உறுதிசெய்கிறது. எலும்பு நீக்கிய இடத்தை டைட்டானியத் தகடு போன்றவற்றால் மூடுவர். பெரிய இரத்தக்குழாய் அல்லது பார்வை நரம்பை ஒட்டியுள்ள பகுதியை விட்டுவைத்து, தேவைப்பட்டால் கதிர்வீச்சு அளிப்பர்.

தலையில் வலியின்றி மெல்ல வளரும் கெட்டியான புடைப்பைச் சாதாரணக் கொழுப்புக் கட்டி என்று எண்ணி, ஸ்கேன் எடுக்காமல் கீறக்கூடாது என்பதே இவ்வரலாறு தரும் பாடமாகும்.